பகிர்ந்த விசைப்பலகையும் தமிழ் எழுத்து பிறக்கும் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே விசைப்பலகையையும் ஒரே சுட்டியையும் கொண்டு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளை மாறி மாறி இயக்கும் முறை அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பரவலாக உள்ளது. ஆங்கிலத் தட்டச்சில் பெரிதும் வெளிப்படாத சில வேறுபாடுகள் தமிழ்த் தட்டச்சில் எழுத்துப் பிழைகளாக வெளிப்படுகின்றன. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் இட எண்ணையே அனுப்புகிறது என்பதும், அவ்வெண் எக்கணினியில் எழுத்தாக மாறுகிறது என்பதைப் பொறுத்தே பகிர்வின் நம்பகத்தன்மை அமைகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். வன்பொருள் மாற்றி, வலையமைப்புவழிப் பகிர்வு மென்பொருள், ஒட்டுப்பலகைப் பகிர்வு ஆகிய மூன்றும் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன; தமிழ்ப் பதிப்புப் பணிக்குரிய எளிய சோதனை முறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விசைப்பலகை, சுட்டி, கேவிஎம் மாற்றி, தமிழ்99, ஒருங்குறி, ஒட்டுப்பலகை, பதிப்பியல்.

முன்னுரை

தமிழ் ஆய்வாளரின் மேசையில் இரு கணினிகள் இருப்பது இன்று அரிய காட்சியன்று. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளைத் திறப்பதற்கென்றே பேணப்படும் பழைய கணினி ஒன்று. ஒருங்குறியில் பதிப்பை உருவாக்கும் புதிய கணினி மற்றொன்று. இரண்டிற்கும் தனித்தனி விசைப்பலகையும் சுட்டியும் வைத்தால் மேசையில் சுவடிப் படிக்கும் நூலுக்கும் இடமிராது. கையும் தவறான பலகையை நாடும். எனவே ஓர் இணை கருவிகளைக் கொண்டே இரண்டையும் இயக்குவது இயல்பான தீர்வாகிறது.

இத்தீர்வைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சை மனத்திற்கொண்டவை. ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் உறவு ஏறத்தாழ நிலையானது. தமிழிலோ ஒரே விசை பல எழுத்துகளைத் தரக்கூடும். ஓர் எழுத்துக்குப் பல விசைகள் வேண்டப்படக்கூடும். இவ்வேறுபாட்டை அறியாமல் பகிர்வை மேற்கொள்ளின், ஒரு புள்ளி மறைவதும், ஒரு துணையெழுத்து தனியெழுத்தாய் நிற்பதும், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல் தேடலில் அகப்படாமற் போவதும் நேரும். பதிப்பாசிரியருக்கு இவை சிறு குறைகள் அல்ல. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கினால் எகர ஏகார வேறுபாட்டையும் மெய், உயிர்மெய் வேறுபாட்டையும் இடம்நோக்கி அறிய வேண்டியிருந்தது. அவ்வுழைப்பால் தெளிந்த பாடத்தில் கருவியின் கோளாறு மீண்டும் ஐயத்தைப் புகுத்துமாயின் அது பாடத்தின் நம்பகத்தைத் தாக்கும்.

விசையும் எழுத்தும்

தட்டச்சுப்பொறியில் விசையும் எழுத்தும் உலோகத்தால் பிணைக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும் ஒரு விசையை அழுத்தினால் அதனோடு இணைந்த அச்சே தாளில் பதியும். கணினியில் இப்பிணைப்பு இல்லை.

யுஎஸ்பி விசைப்பலகையின் அடிப்படை அறிக்கை 8 பைட்டுகளைக் கொண்டது. முதல் பைட்டு ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் முதலிய துணைவிசைகளின் நிலையைக் கூறும், இரண்டாவது ஒதுக்கப்பட்டது, எஞ்சிய 6 பைட்டுகளும் அத்தருணத்தில் அழுத்தப்பட்டுள்ள விசைகளின் எண்களைத் தரும். ஆங்கில ‘எச்’ பொறித்த விசையின் எண் 11. விசைப்பலகை அறிந்தது அவ்வளவே. அவ்வெண்ணை எழுத்தாக மாற்றுவது கணினியிலுள்ள உள்ளீட்டு முறை.

ஆகவே எண் 11 தமிழ்99 முறையில் ‘க’ ஆகிறது. இன்ஸ்கிரிப்ட் முறையில் ‘ப’ ஆகிறது. பாமினி எழுத்துருவில் துணைக்கால் ஆகிறது. அஞ்சல் எனப்படும் ஒலிபெயர்ப்பு முறையில் ‘ஹ்’ ஆகிறது. ஒரே விரல், ஒரே விசை, ஒரே எண். எழுத்து மட்டும் நான்கு.

சுட்டியும் இவ்வாறே இயங்குகிறது. திரையில் தன் இடம் யாது எனச் சுட்டி அறியாது. எப்பொத்தான் அழுந்தியது, வலப்புறமாகவும் மேல்கீழாகவும் எவ்வளவு நகர்ந்தது என்பவற்றையே அது அறிவிக்கிறது. திரையில் அம்புக்குறி நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வைத்திருப்பது கணினியே. கருவி இடப்பெயர்ச்சியை மட்டும் கூறுவதால்தான், இடையில் வேறொரு கணினிக்கு மாற்றப்பட்டாலும் அது அங்கும் இயங்குகிறது.

இதிலிருந்து பகிர்வு குறித்த அடிப்படை வினா தெளிவாகிறது: விசை எண் எழுத்தாக மாறுவதற்கு முன்னர் கணினி மாற்றப்படுகிறதா, மாறிய பின்னரா? இலக்கண நூலார் எழுத்தின் பிறப்பிடத்தை ஆராய்ந்தது போல, இங்கும் எழுத்து பிறக்கும் இடத்தை அறிதல் வேண்டும்.

வன்பொருள் மாற்றி

விசைப்பலகை, வீடியோ, சுட்டி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் கேவிஎம் மாற்றி எனப்படும் சிறு பெட்டி, கருவிகளின் இணைப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடுகிறது. பெட்டியிலுள்ள பொத்தானாலோ, குறித்த விசைச் சேர்க்கையாலோ இம்மாற்றம் நிகழும். ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை அழுத்துவது பல மாற்றிகளில் காணப்படும் வழக்கம்.

இம்முறையில் விசை எண் எழுத்தாக மாறுமுன்பே கணினி மாற்றப்படுகிறது. ஒவ்வொரு கணினியும் தனக்கே உரிய விசைப்பலகையைப் பெற்றது போல இயங்கும். அதன் உள்ளீட்டு முறையே எழுத்தைப் பிறப்பிக்கும். பழைய கணினியில் பாமினியும் புதிய கணினியில் தமிழ்99உம் இருப்பின் இரண்டும் தத்தம் முறையில் பிழையின்றிச் செயற்படும். இயங்குதளம் யாதாயினும் வேறுபாடு இல்லை. கணினிகளுக்கிடையே வலையமைப்பு இணைப்பும் வேண்டியதில்லை. இணையத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பழைய கணினியை அவ்வாறே விலக்கி வைத்துக்கொண்டு பயன்படுத்த இது உதவுகிறது.

எனினும் இரு குறைகள் உள்ளன. முதலாவது, முறைமாற்ற நிலை கணினிதோறும் தனித்தது. ஒன்று தமிழிலும் மற்றொன்று ஆங்கிலத்திலும் நிற்கலாம்; மாறிச் செல்பவர் திரையைப் பார்க்காமல் தட்டச்சிட்டால் எழுத்து பிறழும். இரண்டாவது, மாற்றியின் விசைச் சேர்க்கையும் தமிழ் உள்ளீட்டு மென்பொருளின் விசைச் சேர்க்கையும் ஒன்றாக அமைந்து மோதலாம். கண்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளைப் பயன்படுத்தும் தமிழ் மென்பொருள் உள்ள இடத்தில், மாற்றத்திற்கு ஸ்க்ரோல் லாக்கையோ பெட்டியின் பொத்தானையோ பயன்படுத்துதல் நலம்.

வலையமைப்புவழிப் பகிர்வு மென்பொருள்

இரண்டாம் முறையில் விசைப்பலகையும் சுட்டியும் ஒரு கணினியில் மட்டும் இணைக்கப்படும். அதனை முதன்மைக் கணினி எனலாம். அம்புக்குறி அதன் திரையின் ஓரத்தைக் கடக்கும்போது அடுத்த கணினியின் திரையில் தோன்றும். அதன்பின் தட்டப்படுவன வலையமைப்பின் வழியே அங்குச் செல்லும். ஒவ்வொரு கணினிக்கும் தனித் திரை இருத்தல் வேண்டும்.

கிறிஸ் ஷோன்மன் 2001இல் உருவாக்கிய சினர்ஜி இவ்வகையில் முன்னோடி. அதன் மூலநிரலிலிருந்து பேரியர் கிளைத்தது. பேரியரிலிருந்து இன்புட் லீப் கிளைத்தது. சினர்ஜியின் திறமூல அடிப்படை 2024இல் டெஸ்க்ஃப்ளோ என்னும் பெயர் பெற்றது. மைக்ரோசாஃப்டின் ‘மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்’ 2011இல் வெளிவந்து 2023இல் பவர்டாய்ஸ் தொகுப்பில் இணைந்தது. அது விண்டோஸ் கணினிகள் நான்கு வரை இணைக்கும். ஆப்பிளின் யுனிவர்சல் கண்ட்ரோல் 2022இல் மேக் கணினிகளுக்கும் ஐபேடுகளுக்கும் வந்தது.

சினர்ஜி மரபின் செய்தி வடிவம் தமிழுக்கு முக்கியமானது. ஒரு விசை அழுத்தப்பட்டதும் முதன்மைக் கணினி மூன்று தகவல்களை அனுப்புகிறது: அவ்விசை குறிக்கும் எழுத்தின் அடையாள எண், துணைவிசைகளின் நிலை, விசையின் இட எண். இவற்றுள் முன்னிற்பது எழுத்தின் அடையாளமே. இட எண், எவ்விசை விடுவிக்கப்பட்டது என்பதைப் பெறும் கணினி இனங்காண்பதற்குப் பயன்படுகிறது. பெறும் கணினி, அவ்வெழுத்தைத் தன் நடப்பு விசையமைப்பில் எவ்விசை தரும் எனத் தேடி, அவ்விசை அழுத்தப்பட்டதாகப் பாவிக்கிறது. எனவே எழுத்தாக்கத்தின் ஒரு பகுதி முதன்மைக் கணினியிலும் மற்றொரு பகுதி பெறும் கணினியிலும் நிகழ்கிறது. பிறப்பிடம் இரண்டாகிவிடுகிறது.

இதன் விளைவை இரு நிலைகளில் காணலாம். முதன்மைக் கணினி தமிழ் விசையமைப்பிலும் பெறும் கணினி ஆங்கில அமைப்பிலும் இருந்தால், அனுப்பப்படும் ‘க’ என்னும் எழுத்துக்கு ஆங்கில அமைப்பில் விசை இல்லை. எழுத்து பதிவாகாமலோ பிறழ்ந்தோ போகலாம். மாறாக, முதன்மைக் கணினி ஆங்கிலத்திலும் பெறும் கணினி இயங்குதளத்தோடு வரும் தமிழ் விசையமைப்பிலும் இருந்தால், அனுப்பப்படும் ‘எச்’ எழுத்துக்குத் தமிழமைப்பில் நேரான விசை இல்லாமற் போகலாம்.

தமிழ் உள்ளீட்டு முறைகள் இருவகைப்பட்டவை என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, ஆங்கில அமைப்பை நீக்கி அதனிடத்தில் அமரும் இயங்குதள விசையமைப்பு. மற்றொன்று, ஆங்கில அமைப்பை அடியில் வைத்துக்கொண்டு, அது தரும் எழுத்துகளை இடைமறித்துத் தமிழாக்கும் மென்பொருள். இரண்டாம் வகை பெறும் கணினியில் இருக்குமாயின், முதன்மைக் கணினியை ஆங்கிலத்தில் நிறுத்திவிட்டுத் தமிழ் எழுத இயலும் வாய்ப்பு மிகுதி. ‘எச்’ அங்கு முறையாகச் சென்றடைந்து, அங்கேயே ‘க’ ஆகும். பிற்காலப் பதிப்புகளில் மொழிக்குறியீட்டையும் உடன் அனுப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஆயினும் இரு கணினிகளின் விசையமைப்பும் ஒத்திருத்தல் என்னும் தேவை இதனால் நீங்கிவிடவில்லை.

இடையில் அறுபடும் எழுத்து

தமிழ்99 முறை முன்னர் வந்த எழுத்தை நினைவிற்கொண்டு இயங்குவது. தமிழிணையம்99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு ஏற்ற இவ்வமைப்பில், மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் மெல்லினத்தின்மேல் புள்ளி தானே அமையும். ‘பங்கு’ என எழுத ப, ங, க, உ என்னும் நான்கு விசைகளே போதும்.

இந்நினைவு கணினிக்குரியது, விசைப்பலகைக்கு உரியதன்று. ‘ப’, ‘ங’ என்னும் இரண்டைத் தட்டிய பின் கை தற்செயலாகச் சுட்டியை நகர்த்தி, அம்புக்குறி அடுத்த திரைக்குச் சென்றுவிட்டதாகக் கொள்ளலாம். அடுத்துத் தட்டும் ‘க’, ‘உ’ இரண்டும் அங்கே ‘கு’ என விழும். முதற்கணினியில் ‘பங’ எனப் புள்ளியற்ற வடிவம் நிற்கும். ஓர் எழுத்தின் மெய்ப்பகுதி ஒரு கணினியிலும் உயிர்ப்பகுதி மற்றொன்றிலும் தட்டப்பட்டால், இரண்டாம் கணினியில் முன்னெழுத்து இல்லாமையால் உயிர் தனியெழுத்தாகவே நிற்கும். முதற்கணினிக்குத் திரும்பி எஞ்சிய விசைகளைத் தட்டும்போதும் சிக்கல் தீர்ந்துவிடாது. குறியிடத்திற்கு முன்னுள்ள எழுத்தைப் படித்து முடிவு செய்யும் மென்பொருள் ‘பங்கு’ எனத் தரும்; தன் நினைவையே நம்பும் மென்பொருள் அந்நினைவு அழிந்திருப்பின் ‘பஙகு’ எனத் தரும். சுவடியில் புள்ளி விடுபட்டதற்கும் இதற்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதும் பணியில் இத்தகைய வடிவம் ‘சுவடியில் உள்ளது’ என்றே கொள்ளப்படும் இடர் உண்டு.

சினர்ஜி மரபு மென்பொருள்களில் ஸ்க்ரோல் லாக் விசை அம்புக்குறியை நடப்புத் திரையிலேயே பூட்டி வைக்கும். பெயர்த்தெழுதும் நேரத்தில் இப்பூட்டைப் பயன்படுத்துவது மேற்கண்ட இடரைத் தவிர்க்கும். வன்பொருள் மாற்றியில் மாற்றம் வேண்டுமென்றே செய்யப்படுவதாகையால் இவ்விடர் அரிதே.

ஒட்டுப்பலகையும் குறியேற்றமும்

பகிர்வு மென்பொருளின் பெரும்பயன் ஒட்டுப்பலகைப் பகிர்வு. ஒரு கணினியில் படியெடுத்த பகுதியை மற்றொன்றில் ஒட்டலாம். எளிய வன்பொருள் மாற்றிகளில் இவ்வசதி இல்லை. ஆனால் இங்குக் கடந்து செல்வது விசையன்று. முன்னரே எழுத்தாகிப்போன குறியீடு. ஆதலின் மூலக் கோப்பின் குறியேற்றம் யாது என்னும் வினா எழுகிறது.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவற்றில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் உள்ளது. படியெடுத்து ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் உடன் செல்லாவிட்டால், அல்லது அவ்வெழுத்துரு மறுகணினியில் இல்லாவிட்டால், அந்த ஐந்து குறிகளே திரையில் தெரியும். இது வெளிப்படையான பிழை, உடனே கண்டுகொள்ளலாம். உரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறியாக்கிய பின்னரே கணினி கடக்கச் செய்தல் இதற்குத் தீர்வு.

கண்ணுக்குத் தெரியாத பிழையே அஞ்சத்தக்கது. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியாகிய ‘ொ’ 3018 என்னும் ஒரே குறியீடாகவும் வரலாம். ஒற்றைக்கொம்பாகிய 3014, துணைக்காலாகிய 3006 என்னும் இரண்டின் சேர்க்கையாகவும் வரலாம். இரண்டும் நிகரானவை என ஒருங்குறித் தரமே கூறுகிறது. இயல்பாக்கம் எனப்படும் செயல்முறையால் ஒன்றாக்கவும் இயலும். இயல்பாக்கம் செய்யாத தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது.

ஔகாரத்தின் நிலை இதனினும் கடினம். பழைய எழுத்துருக்களில் ஔகாரச் சிறகும் ளகரமும் ஒரே வடிவமாகப் பயன்பட்ட பழக்கத்தால், ‘கௌவை’ என்பதைக் ‘கெளவை’ எனக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டச்சிடுவோர் உளர். முன்னது 4 குறியீடுகள். பின்னது 5 குறியீடுகள். இங்கு ளகரம் உண்மையான ளகரமே. ஆதலின் இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. ‘ஔவை’ 3 குறியீடுகள். ‘ஒளவை’ 4 குறியீடுகள். ஒரே நூலின் ஒரு பகுதி ஒரு கணினியில் ஒரு முறையிலும் மறுபகுதி மற்றொரு கணினியில் மற்றொரு முறையிலும் தட்டச்சானால், சொல்லடைவில் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். சொல்வழக்கின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட முடிவுகள் அதனால் பிழைபடும்.

2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தமையால் குறியேற்றங்களின் பெருக்கம் குறைந்தது. எனினும் அதற்கு முன்னர் உருவான கோப்புகள் ஆய்வாளர் கைகளில் இன்றும் உள்ளன. அவை உள்ளவரை இரு கணினி மேசையும் தொடரும்.

பாதுகாப்பு

மென்பொருள் முறையில் தட்டப்படும் ஒவ்வொன்றும், கடவுச்சொல் உட்பட, வலையமைப்பின் வழியே செல்கிறது. பலர் பயன்படுத்தும் பல்கலைக்கழக வலையமைப்பில் மறையாக்கம் செயற்பட்டுள்ளதை உறுதி செய்யாமல் இதனைப் பயன்படுத்தலாகாது. ஒட்டுப்பலகைப் பகிர்வும் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்திருத்தல் போதும். வெளியிடப்படாத பாடம் ஒன்று அறியாமலே மற்றொரு கணினிக்குச் செல்வதை இது தடுக்கும்.

சோதனை முறை

பகிர்வை அமைத்தவுடன், பணி தொடங்குமுன், ஒவ்வொரு கணினியிலும் ஒரே சொற்பட்டியலைத் தட்டச்சிட்டு ஒப்பிடுதல் எளிய சோதனை. கொடி, கோடை, கௌவை, ஔவை, அஃது, பங்கு ஆகிய ஆறு சொற்கள் இதற்குப் போதுமானவை. முதல் மூன்றும் 4 குறியீடுகள் வீதமும், ‘ஔவை’ 3 குறியீடுகளும், ‘அஃது’ 4 குறியீடுகளும், ‘பங்கு’ ப, ங, புள்ளி, க, உகரக்குறி என 5 குறியீடுகளும் பெற வேண்டும். ஆறு சொற்களும் சேர்ந்து 24 குறியீடுகள். சொற்செயலியின் எழுத்தெண்ணிக்கை வசதி எழுத்துக்கு மாறாகக் குறியீட்டை எண்ணும் இடங்களில் இதனை உடனே சரிபார்க்கலாம். மிகுதியாயின் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளையும், குறைவாயின் புள்ளியையும் ஆய்தத்தையும் முதலில் ஐயுற வேண்டும். அதன்பின் ஒரு கணினியில் தட்டச்சிட்ட பட்டியலை மற்றொன்றில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லையும் அங்கே தட்டச்சிட்டுத் தேடிப் பார்த்தல் வேண்டும். ஆறும் அகப்பட்டால் அவ்வமைப்பை நம்பலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. விசைப்பலகை விசை எண்ணையும் சுட்டி இடப்பெயர்ச்சியையும் மட்டுமே அறிவிக்கின்றன. எழுத்தும் இடமும் கணினியில் பிறப்பன.

2. வன்பொருள் மாற்றியில் தமிழ் எழுத்து முழுமையாக ஒரே கணினியில் பிறப்பதால், வேறுபட்ட உள்ளீட்டு முறைகளைக் கொண்ட கணினிகளுக்கு அதுவே ஏற்றது.

3. சினர்ஜி மரபு மென்பொருள்களில் எழுத்தாக்கம் இரு கணினிகளிடையே பகிரப்படுவதால், விசையமைப்புகள் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

4. ஒட்டுப்பலகைவழிப் பகிர்வில் குறியேற்றமும் இயல்பாக்கமும் கவனிக்கப்படாவிடின், கண்ணுக்குப் புலப்படாத பிழைகள் சொல்லடைவிலும் தேடலிலும் வெளிப்படும்.

5. தட்டச்சுக்கு வன்பொருள் மாற்றி, ஒருங்குறிக் கோப்புகளின் பரிமாற்றத்திற்கு ஒட்டுப்பலகை அல்லது கோப்புப் படி எனப் பணியைப் பிரித்துக்கொள்வது பதிப்பு மேசைக்கு உகந்தது.

பாடவேறுபாட்டிற்குச் சுவடியையும், படியெடுத்தோரையும், அச்சகத்தையும் காரணமாகக் காட்டிய பதிப்பியல், இனித் தட்டச்சு மேசையின் அமைப்பையும் அவ்வரிசையில் சேர்த்தெண்ண வேண்டியுள்ளது. எக்கணினியில், எவ்வுள்ளீட்டு முறையில் பாடம் தட்டச்சானது என்பதைப் பதிப்புரையில் ஒரு வரியாகக் குறித்து வைத்தால், பின்வருவோர் பிழையின் ஊற்றை எளிதில் கண்டறிவர்.